ஆறு தண்ணீரில் கழுவிய அரிசி

"…கூழு குடிக்கவும் களி துன்னவும் எதுக்குண்ணே நான் ஏலகிரி அடிவாரத்தை உட்டு ஆம்பூர் வரணும்? அது எங்க ஊட்லயே இருந்துதே. நான் வந்தது சோறு துன்ன. நீ போட்டியே, வருஷம் பூரா போட்டியே மல்லிப்பூவாட்டம், அந்தச் சோறு எங்க? அது இருந்தா போடு. இல்லன்னா இந்தத் தட்டை நீயே வெச்சிக்கோ."

இப்படிச் சொன்னவன் கோவிந்தன். தோல் பதனிடுகிற எங்கள் ஷாப்பில், மயிர் உதிரத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டி ஆள். சொல்லிக்கொண்டே, நான் அப்போதுதான் வைத்த கேழ்வரகுக் களியைத் தட்டோடு என் காலடிக்குத் தள்ளிவிட்டான். அவனைப் பார்த்து அடுத்தவன் தள்ளினான். அதைப் பார்த்து அதற்கடுத்தவன். ஒரு நிமிஷத்தில் பந்தியிலிருந்த நாற்பது பேர் தட்டும் என் பக்கம் வந்துவிட்டன. நான் கரண்டியோடு நடுவில் நிற்கிறேன்.

கொட்டாய்ச் சமையலுக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வருவது அந்த ஒரு மத்தியானத்தைப் பற்றித்தான். அடுப்பு மூட்டுவது, உலை வைப்பது, நாற்பது பேருக்கு எத்தனை படி என்பதெல்லாம் ஒரு மாசத்தில் கை தானாகக் கற்றுக்கொள்ளும். அதற்கு நான் தேவையில்லை. நாற்பது தட்டு ஒரே சமயத்தில் திரும்பி வந்தால் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

பெரிய யுத்தம் முடிந்து நாலைந்து வருஷம் கழித்து நான் அந்த ஷாப்பில் சேர்ந்தேன். தூரத்து ஊர்களிலிருந்து வந்து கொட்டாயில் தங்கி வேலை செய்யும் ஆட்களுக்குப் பொங்கிப் போடுவது என் வேலை. தலைக்கு இவ்வளவு என்று முதலாளி சாயபு கொடுப்பார். அதற்குள் அரிசி, பருப்பு, விறகு, மிளகாய் எல்லாம் முடிய வேண்டும். அந்தத் தொகை கூடவே கூடாது. ஆளுக்கு வயிறு மட்டும் கூடும்.

எனக்கு முன்னால் இருந்த சமையல்காரர் கைக்குத்தல் புழுங்கலரிசி பொங்குவார். சிவப்பும் பழுப்புமாக இருக்கும். வாரத்தில் நாலு நாள் மத்தியானம் களி. ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே தின்பார்கள். நான் வந்ததும் எனக்கு ஓர் ஆசை. பக்கத்து ஷாப்காரனெல்லாம் என் பேரை வைத்து 'கன்னியப்பன் கொட்டாய்' என்று சொல்ல வேண்டும். அந்த வருஷம்தான் எங்கள் பக்கம் ரைஸ் மில் வந்திருந்தது. மில்லில் போய்ப் பார்த்தேன். ரெண்டு பாலிஷ் போட்ட பச்சரிசி, கண்ணாடி மாதிரி. பார்த்தவுடனே மயங்கிவிட்டேன். மூட்டைக்கு விலை கொஞ்சம் ஜாஸ்தி. அதைச் சரிக்கட்டப் பருப்பில் குறைத்தேன், கீரையை நிறுத்தினேன், களியை அடியோடு எடுத்துவிட்டேன். குழம்பைக் காரமாக வைத்தால் தண்ணீராக இருப்பது யாருக்கும் தெரியாது என்பதையும் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் கழுவுகிற விஷயம். இது நம் தொழில் ஊர்களில் மட்டும் உள்ள வியாதி, கவனமாகக் கேளுங்கள். வேறு ஊர்ச் சமையல்காரன் அரிசியை ரெண்டு மூன்று தண்ணீரோடு விட்டுவிடுவான். நமக்கு அப்படி மனசு வராது. ஒரு பக்கம் தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டை இடிக்கிற தூசி. ஒரு பக்கம் சுண்ணாம்பு. எல்லாவற்றுக்கும் மேலே தோல் வாசனை. நாள் பூரா அந்த வாசனையில் நின்றவன் சாப்பிட உட்காரும்போது தட்டிலும் அது வந்தால் எப்படித் தின்பான்? அதனால் தேய்த்துத் தேய்த்து ஆறு தண்ணீர் கழுவுவேன். ஆறாவது தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் போலவே தெளிவாக இருக்கும். பிறகு அண்டா நிறையத் தண்ணீர் வைத்துப் பொங்கி, கஞ்சியைச் சுத்தமாக வடித்துவிடுவேன். கழுநீரும் கஞ்சியும் ஷாப் வண்டி மாடுகளுக்குப் போகும். சோறு பொலபொலவென்று உதிரும். வாசனை என்று எதுவுமே இருக்காது.

அந்தச் சோற்றை முதல் நாள் பார்த்துவிட்டுக் கோவிந்தன் சொன்னது: "இந்தச் சோத்தப் பாத்தா தீபாவளியே வெக்கப்படும்ணே." நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவன். மனுஷர் வாயிலிருந்து விழுவதைப் பொறுக்கிச் சேர்த்ததுதான் என் படிப்பு. கோவிந்தன் சொன்னதை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

அவன் தின்கிற அழகே வேறு. முதல் வாயை மட்டும் குழம்பு ஊற்றாமல் வெறுமனே தின்பான். அவன் ஊரில் நெல்லுச் சோறு என்பது பொங்கலுக்கும் சாவுக்கும்தான். மற்ற நாளெல்லாம் கேழ்வரகும் சாமையும். தினமும் வெள்ளைச் சோறு தின்கிறவன் என்றால் அவன் ஊரில் ஆளே வேறு. பந்தியில் கடைசியாக எழுந்திருப்பவனும் அவன்தான். எல்லாரும் கை கழுவப் போன பிறகும் உட்கார்ந்திருப்பான். அப்புறம் தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்திருப்பான். ருசியில் எழுந்திருக்க மனசில்லாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று நான் பூரித்துப்போவேன்.

தம்பிகளா, தங்கைகளா, ஒருத்தன் பந்தியிலிருந்து தாமதமாக எழுந்தால் அவன் முகத்தைப் பார்த்துப் பூரிக்காதீர்கள். காலைப் பாருங்கள். எனக்கு அது தெரிய ஒரு வருஷம் ஆனது.

கால் மரத்துப்போகிறது என்ற பேச்சு மெள்ள மெள்ளத்தான் வந்தது. ஒருத்தன் சொன்னான், "கால்ல செருப்பு போட்டாப்பல கீது. குனிஞ்சி பாத்தா வெறுங்காலு." எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சுண்ணாம்புத் தண்ணீரில் நிற்கிற காலுக்கு அப்படித்தான் இருக்கும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மேஸ்திரியும் சுண்ணாம்பு கடித்திருக்கிறது, வேப்பெண்ணெய் தடவு என்பார். வீங்கினாலும் தெரியாது. வெள்ளையாகச் சுண்ணாம்பு அப்பிய காலில் எது வீக்கம், எது சுண்ணாம்பு என்று யார் பார்ப்பது? தெரிந்தவனும் வெளியே சொல்லமாட்டான். தொட்டி வேலைதான் ஷாப்பில் நல்ல கூலி. கால் சரியில்லை என்று மேஸ்திரி காதில் விழுந்தால் மறுநாள் வேறு ஆள் நிற்பான்.

ஊறின தோலைத் தொட்டியிலிருந்து ரெண்டு பேர் ஜோடியாகத்தான் தூக்குவார்கள். தண்ணீர் குடித்த எருமைத்தோல் என்ன கனம் கனக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு நாள் கோவிந்தன் தூக்கும்போது முழங்கால் மடிந்து தொட்டிக்குள் ஒரு கால் இறங்கிவிட்டது. ஜோடிக்காரன் இழுத்துவிட்டான். பாசி வழுக்கியது என்று கோவிந்தன் எல்லாரிடமும் சொன்னான். எனக்கும் அதையே சொன்னான். சுண்ணாம்புத் தொட்டியின் விளிம்பில் பாசி எப்படி முளைக்கும் என்று நான் ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. அடுத்த முறை அவன் தலைகுப்புற விழுந்தால் கண் போகும், உயிரும் போகலாம் என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உறைக்க வைத்தவர் கேட் வாட்ச்மேன் பெரியசாமி. வயசானவர். ஒரு நாள் காலையில் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கால் பஞ்சு மூட்டை மாதிரி இருக்கிறது, தரையே தெரியவில்லை என்றார். சுண்ணாம்பு பெரியவரே, எண்ணெய் தடவுங்க என்றேன் நான், கை நிறுத்தாமல்.

அவர் கோபமில்லாமல்தான் கேட்டார். "நான் எங்கப்பா சுண்ணாம்புல நின்னேன்? பத்து வருஷமா கேட்டாண்ட உக்காந்துகினு கீறேன். இந்த ஷாப்புல என் காலு உள்ள வர்றது ஒரே ஒரு எடத்துக்குத்தான். உன் பந்திக்கு."

அவர் போன பிறகு நான் கையை அரிசிக்குள் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். அது நாலாவது தண்ணீர் என்று நினைவிருக்கிறது.

அன்று பூரா வேலையில் புத்தி ஓடவில்லை. யார் கால் கெட்டிருக்கிறது, யார் கால் நன்றாக இருக்கிறது என்று ஷாப்பைச் சுற்றி வந்து பார்த்தேன். பட்டை இடிக்கிற பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். காலையிலிருந்து உலக்கை போடுகிறவர்கள். ஒருத்தி நடையிலும் தள்ளாட்டம் இல்லை. அவர்களுக்கு என் கொட்டாயில் சாப்பிடுகிற வசதி கிடையாது. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு அக்கா கூழ்ப்பானை வைத்திருப்பாள். அதுதான் அவர்கள் சாப்பாடு. கேழ்வரகுக் கூழில் குருணை போட்டிருப்பாள். கடித்துக்கொள்ள வெங்காயம், சில நாள் வேகவைத்த கொள்ளு, சில நாள் முருங்கைக்கீரை. நான் அந்தப் பானையைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அன்றைக்குப் போய் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னா சமையக்காரரே, வெள்ளைச் சோறு தீந்துபோச்சா?" என்றாள். சும்மாதான் வந்தேன் என்றேன். அவள் விடவில்லை. ஷாப் வண்டி மாடு ரெண்டையும் காட்டி, "அதுங்களுக்கு இன்னா போடற? ஒரு வருஷத்துல எப்பிடி மினுமினுன்னு ஆயிடுச்சி பாரு. உன் ஆளுங்கள ஒரு நாளு மாட்டுத் தொட்டியில துன்ன உடு. தேறிடுவானுங்க" என்றாள். பட்டை இடிக்கிற பெண்களெல்லாம் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் சேர முடியவில்லை.

மறுநாள் பெரியசாமியை ரயிலில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கூட்டத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். பார்த்தது ஒரு டாக்டரம்மா. அவர் பேரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டோமே என்று இன்றைக்கும் எனக்குக் குறைதான். இத்தனை வருஷத்தில் எனக்கு வாத்தியார் என்று யாராவது உண்டென்றால் அந்த அரைமணி நேர வாத்தியார்தான். என்ன வேலை செய்கிறாய் என்று எல்லாரும் கேட்பார்கள். அவர் முதலில் கேட்டது என்ன சாப்பிடுகிறாய் என்று. பெரியசாமி என்னைக் காட்டி, இவர்தான் எங்க சமையல்காரர், அரிசியை முத்து மாதிரி கழுவிப் போடுவார் என்று பெருமையாகச் சொன்னார்.

டாக்டரம்மா பெரியவரை விட்டுவிட்டு என்னைக் கேட்க ஆரம்பித்தார். எந்த அரிசி? மில் பச்சரிசி, ரெண்டு பாலிஷ். எத்தனை தண்ணீர்? ஆறு. பருப்பு? கம்மி. கீரை? இல்லை. வடித்த கஞ்சி? மாட்டுக்கு. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"இதுக்கு மருந்துச் சீட்டு எழுதணும்னா உங்க பேர்லதான் எழுதணும்" என்றார்.

அரிசியின் மேல் தோலோடு இருக்கிற சத்து நரம்புக்கும் இருதயத்துக்கும் வேண்டியது, அதில் பெரும்பங்கை மில்லில் தவிடாக விட்டேன், மிச்சத்தைக் கழுநீரில் விட்டேன், அதற்கும் மிச்சத்தைக் கஞ்சியில் விட்டேன் என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். பருப்பும் பயறும் இருந்திருந்தாலாவது அந்தக் குறை ஓரளவு தீர்ந்திருக்கும், அதையும் நான் நிறுத்திவிட்டேன். காலில் ஆரம்பிப்பது மேலே ஏறும். உடம்பை அசைத்துக் கனமாகத் தூக்குகிற ஆள்தான் சீக்கிரம் விழுவான், அப்படி யாராவது இருந்தால் உடனே தூக்குவதை நிறுத்தச் சொல்லு என்றார். இப்போதே மாற்றினால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள் என்றும் சொன்னார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஆம்பூர் வந்து இறங்கினேன்.

ரயிலில் வரும்போது எனக்குக் கோவிந்தன் ஞாபகம்தான். தூண், தொட்டி, பாசி எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

இங்கேதான் என் ரெண்டாவது தப்பு. முதல் தப்பு தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது. உண்மையைச் சொன்னால் என் பேர் போகும், வேலையும் போகும். அதனால் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் சாப்பாட்டை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மில்லில் அரிசி இல்லை என்று மேஸ்திரியிடம் ஒரு பொய் சொன்னேன். கூழ்க்கார அக்காவிடம் போய்ப் பக்குவம் கேட்டு வந்தேன். மறுநாள் மத்தியானம் களி கிண்டி, கொள்ளு அரைத்துவிட்ட கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் வைத்தேன். சத்தியமாக ருசியாக இருந்தது. ஆனால் ஒரு வார்த்தை சொல்லாமல் கொண்டுபோய் வைத்தால் அது தண்டனை மாதிரிதானே இருக்கும்? சோற்றுக்காக ஊரை விட்டு வந்தவன் முன்னால், அவன் எதை விட்டு வந்தானோ அதையே கொண்டுவந்து வைக்கிறேன். ஏன் என்றும் சொல்லவில்லை. அவன் தட்டைத் தள்ளாமல் வேறு என்ன செய்வான்?

நாற்பது தட்டும் என் பக்கம் வந்து நின்றது அப்படித்தான்.

சத்தம் கேட்டு மேஸ்திரி வாசலில் வந்து நின்றார். கெட்டவர் இல்லை, ஆனால் மேஸ்திரி. "இன்னாய்யா பேஜாரு? ரெண்டு மணிக்குத் தோல் தூக்கணும். சோறு இருந்தா ஆக்கிப் போடு. இல்லன்னா நாளையிலேர்ந்து அடுப்பாண்ட வேற ஆளு" என்றார்.

உள்ளறையில் அரை மூட்டை வெள்ளை அரிசி இருந்தது. ஒரு மணி நேரத்தில் பொங்கிப் போட்டுவிடலாம். இன்றைக்குச் சோறு போட்டுவிட்டு நாளைக்கு மெதுவாக மாற்றலாம் என்று மனசு சொன்னது. அந்த நாளைக்கு என்கிற சொல்லில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. ஆனால் ரெண்டு மணிக்கு அந்த வெள்ளைச் சோற்றைத் தின்றுவிட்டுத் தொட்டி விளிம்பில் நிற்கப்போகிறவன் என் எதிரில் உட்கார்ந்திருந்தான். மூச்சு கொஞ்சம் வாங்கியது அவனுக்கு. கோபத்தில் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

இன்னொரு முடிச்சும் இருந்தது. உன் கால் கெட்டிருக்கிறது கோவிந்தா என்று நான் சொன்னால், மேஸ்திரி காதில் விழும். அவன் மறைத்து வைத்ததை நான் சந்தியில் போட்டால், பிழைத்தாலும் அவனுக்குப் பிழைப்பு போகும். அப்படியும் சொல்லக் கூடாது, சொல்லாமலும் இருக்கக் கூடாது. அடுப்படியில் நிற்கிறவனுக்கு இப்படி ஒரு நிமிஷம் வரும். அப்போது உங்களிடம் கொடுக்க இருப்பது ஒன்றுதான், உங்கள் தப்பு. மற்றவன் குறையைத் தொடாமல் உங்கள் குறையை எடுத்து வையுங்கள்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். மில்லில் அரிசி இல்லை என்று சொன்னது பொய் என்றேன். உள்ளே அரை மூட்டை இருக்கிறது, ஆனால் அதைப் பொங்கமாட்டேன் என்றேன். வாட்ச்மேன் பெரியவரை வேலூருக்குக் கூட்டிப்போனதையும், டாக்டரம்மா கேட்டதையும், நான் சொன்ன பதிலையும், கனம் தூக்கக் கூடாது என்று அவர் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். ஆறு தண்ணீர், கஞ்சி, மாடு, கீரை எல்லாம். யார் பேரையும் சொல்லவில்லை.

கடைசியாக இதைச் சொன்னேன். "காலுல செருப்பு போட்ட மாதிரி இருக்கறவங்க யாரு யாருன்னு எனக்குத் தெரியாது, நான் கேக்கவும் மாட்டேன். அது சுண்ணாம்பு இல்லப்பா. என் கை. வெள்ளையா போட்டா நீங்க மெச்சுவீங்கன்னு நான்தான் உங்க காலைக் கழுவி மாட்டுக்கு ஊத்தினேன்."



பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், அன்றைய மத்தியானத்தைக் கடைசியில் வைக்கிறேன். மேஸ்திரி அன்றே முதலாளி சாயபுவிடம் போனார். கால் கெட்டவர்களை வேலையை விட்டு அனுப்புவதென்றால் தொட்டியில் பாதி ஜோடியை அனுப்ப வேண்டும், அப்புறம் தோலை யார் தூக்குவது என்று மேஸ்திரியே பேசியதாகக் கேள்வி. ஒன்பது பேரைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பட்டை அளக்கவும் தோல் உலர்த்தவும் போட்டார்கள். பெரியசாமி அடுத்த மழைக்கு முன்னால் கேட்டிலிருந்து டீக்கடை வரை நடந்து போய் வந்தார். கோவிந்தன் மூன்றாவது மாசம் மறுபடி தொட்டிக்கு வந்தான். அப்புறம் நான் ஓய்வு பெறும் வரை அதே ஷாப்பில்தான் இருந்தான்.

என் வேலை போகவில்லை. ஏன் போகவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

தலைக்கு இவ்வளவு என்ற அந்தத் தொகையில் ஒரு காசு கூட நான் கூட்டிக் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை என்பதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். பாலிஷ் அரிசிக்குப் போன பணம் பருப்பாகவும் பயறாகவும் திரும்பி வந்தது. கைக்குத்தல் புழுங்கலரிசிக்கு மாறினேன். கல் பொறுக்கிவிட்டு ரெண்டு தண்ணீரோடு நிறுத்தினேன். தூசிக்கு வழி அரிசியைத் தேய்ப்பதில்லை, சமையல்கட்டு ஜன்னலுக்குச் சாக்குப் படுதா போடுவது. ஒரு வருஷமாக இது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். தண்ணீரை அளந்து வைத்துக் கஞ்சி வடிக்காமல் பொங்கப் பழகினேன். வடித்துவிட்ட நாளில் அதில் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுத் தோல் தூக்கி வருகிறவர்களுக்கு ஒரு சொம்பு கொடுத்தேன். மாடுகள் கொஞ்ச நாள் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன.

வாரம் மூன்று நாள் கொள்ளு, ரெண்டு நாள் வேர்க்கடலைத் துவையல், சாயங்காலம் சுண்டல். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்குடல். அன்றைக்குச் சந்தையில் கறியைவிட அது எவ்வளவோ மலிவு. கீரை விஷயத்தில் மட்டும் ஒரு ஜாக்கிரதை. முதலில் அவசரத்தில் ஷாப் கழிவு ஓடுகிற பக்கத்துத் தோட்டத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு கூடை வாங்கிவிட்டேன். ஆயும்போது விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. அப்படியே குழியில் கொட்டினேன். அதற்கப்புறம் கழிவு எட்டாத மேட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முருங்கையும் முளைக்கீரையும் கொண்டுவர ஒரு அம்மாவை ஏற்பாடு செய்துகொண்டேன். மலிவு என்பதற்காக வாங்கும் முன்னால் அது எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது என்று கேளுங்கள்.

களி? வாரம் மூன்று மத்தியானம் போட்டேன். மற்ற வேளையெல்லாம் சோறுதான். பழுப்புச் சோறுதான், ஆனாலும் சோறு. சோற்றுக்கு ஆசைப்படுகிறவனைக் கேலி செய்யாதீர்கள். வயிற்றுக்கு மட்டும் பசித்தவன் எதையும் தின்பான். நாலு பேர் நடுவில் தலைநிமிர்ந்து உட்கார வேண்டும் என்கிற பசிக்கும் சேர்த்துத்தான் நாம் பொங்குகிறோம். சத்தைக் கொடுக்கிறேன் பேர்வழி என்று அவன் மானத்தைப் பிடுங்கினால் தட்டு உங்கள் காலடிக்குத்தான் வரும். பொங்கலன்றும் தீபாவளியன்றும் அந்த மில் அரிசியை நானே வாங்கி வெள்ளையாகப் பொங்கிப் போட்டேன், பருப்பு நிறைய ஊற்றி. வருஷத்தில் ரெண்டு நாள் வெள்ளை ஒருவனையும் கொல்லாது.

இதெல்லாம் பிறகு. அன்று மத்தியானம் நான் பேசி முடித்தபோது இதில் எதுவும் எனக்குத் தெரியாது. என் எதிரில் நாற்பது பேர். வாசலில் மேஸ்திரி. தனக்குக் கால் அப்படி இருக்கிறது என்று ஒருத்தன் வாயைத் திறந்தாலும் அவன் பிழைப்பு மேஸ்திரியின் கண் முன்னால் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் எல்லாரும் களியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தனும் ஒருத்தன் முகத்தைப் பார்க்கவில்லை. நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கோவிந்தன் என்னை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் திரும்பி மேஸ்திரியைப் பார்த்தான். சம்மணம் போட்டிருந்தவன், ரெண்டு கையாலும் ஒவ்வொரு காலாகத் தூக்கி முன்னால் நீட்டினான். வேட்டியை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டான். பந்திக்கு வருமுன் தேய்த்துக் கழுவியிருந்தான் போல, காலில் சுண்ணாம்பு இல்லை. கட்டைவிரலைக் கணைக்கால் எலும்பின் மேல் வைத்து, ஒன்று ரெண்டு எண்ணுகிற நேரம் அழுத்தினான். விரலை எடுத்தான். விரல் இருந்த இடத்தில், அந்த வீக்கத்தில், ஒரு பள்ளம் விழுந்து, மூடாமல் அப்படியே நின்றது.

பக்கத்தில் இருந்த ஜோடிக்காரன் வேட்டி நுனியை இழுத்து அதை மறைக்கப் பார்த்தான். கோவிந்தன் அவன் கையைத் தட்டிவிட்டு, மேஸ்திரிக்கு நன்றாகத் தெரியும்படி காலைத் திருப்பி வைத்தான். பிறகு அதே விரலால் ஜோடிக்காரன் காலைத் தொட்டு, "உன்னுதயும் காட்டுடா" என்றான்.